போன் பேட்டரியை நாமே மாற்றும் காலம் திரும்புமா?

காலையில் 100 சதவீதம் சார்ஜ், மதியச் சாப்பாட்டுக்குள் 20. இரண்டு மூன்று வருஷம் ஓடிய போன் என்றால் உங்களுக்கும் இது நடந்திருக்கும். கொல்கத்தாவில் இருப்பவர்கள் நேராகப் போவது சாந்தினி சௌக். மெட்ரோ ஸ்டேஷனைச் சுற்றி போன் ரிப்பேர் கடைகள். போனின் முதுகைச் சூடாக்கி, பசையை இளக்கி, கண்ணாடி உடையாமல் பிரித்தால்தான் பேட்டரி கண்ணிலேயே படும்.

முன்பு இப்படி இல்லையே? 2007 ஆகஸ்டில், நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி அளவுக்கு மீறிச் சூடாகலாம் என எச்சரிக்கை வந்தது. இந்தியாவிலும் பதற்றம்தான். ஆனால் மூடியைக் கழட்டி, எண்ணைச் சரிபார்த்து, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது அந்த வழியே இல்லை. முதல் சுற்றில் மட்டும் சுமார் 25 லட்சம் போன்களை முழுசாகத் திரும்ப அழைத்தார்கள்.

அப்புறம் ஏன் ஒட்டுகிறார்கள்?

நிறுவனங்கள் சொல்லும் காரணம் முழுப் பொய்யில்லை. கழட்டும் பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், அது இடத்தைத் தின்னும். ஒட்டிவிட்டால் போன் மெலியும், தண்ணீரும் புகாது. (2014-ல் சாம்சங்கின் எஸ்5, கழட்டும் மூடியோடே தண்ணீரைத் தாங்கியது என்பது வேறு கதை.)

ஐரோப்பிய சட்டம் நமக்கு உதவுமா?

2027 பிப்ரவரி 18 முதல், சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே மாற்ற முடிய வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். அப்போ இங்கேயும் அதே மாடல்தான் வரும்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள இன்னொரு விதி, போன்களுக்கு விலக்கு தருகிறது. 500 முழு சார்ஜுக்குப் பிறகு 83 சதவீதமும், 1000-க்குப் பிறகு 80 சதவீதமும் திறன் மிஞ்சி, தூசி, தண்ணீரையும் தாங்கினால் ஒட்டிய பேட்டரியே இருக்கலாம். தினம் ஒரு முழு சார்ஜ் என்றால், 1000 என்பது இரண்டே முக்கால் வருஷம். விலை உயர்ந்த போன்கள் இந்த வழியில் தப்பித்துவிடும் என்றே தோன்றுகிறது.

இந்தியாவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளம் திறந்தது. 2025 மே மாதம் இன்னொரு குழு, போன்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் தரப் பரிந்துரைத்தது. கழட்டுவது எவ்வளவு சுலபம், உதிரிபாகம் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆனால் மதிப்பெண்ணை நிறுவனமே அறிவித்துக்கொள்ளலாமாம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போதைக்கு, மாற்றும்போது கடையில் பில் கேளுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு.