முடித்தலும் நிறைத்தலும்: 'ஃபினிஷ்' என்னும் வினைச்சொல்

ஏழாம் வகுப்பில் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "மிஸ், ஐ ஆம் ஃபினிஷ்ட்" என்றாள். "தப்பு. ஐ ஹாவ் ஃபினிஷ்ட் என்று சொல். நீ சொன்னதற்கு 'நான் தொலைந்தேன்' என்று அர்த்தம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு பல நாள்கள், எழுதி முடித்தாலும் அவள் வாய் திறக்கவில்லை. நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மனம் உறுத்த, அகராதியைப் புரட்டினேன். 'ஐ ஆம் ஃபினிஷ்ட்' என்பதற்கு 'வேலையை முடித்துவிட்டேன்' என்ற பொருளும் உண்டு. 'தொலைந்தேன்' என்ற பொருளும் உண்டு. எந்தப் பொருள் என்பதைச் சூழல் காட்டிவிடும். கையில் நோட்டுடன் நிற்கும் குழந்தை எதைச் சொல்கிறாள் என்பதில் குழப்பமே இல்லை. பிழை என்னுடையது. மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். அந்தத் தேடலில் இச்சொல்லைப் பற்றி அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதலில், தமிழில் 'முடித்தேன்', 'முடிந்தது' என இரண்டு வடிவங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'ஐ ஃபினிஷ்ட் த புக்' என்றால் நான் முடித்தேன். 'த ஃபிலிம் ஃபினிஷ்ட் அட் நைன்' என்றால் படம் தானாக முடிந்தது.

அடுத்து, நம் மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை 'ஐ ஃபினிஷ்ட் டு ரைட்' என்பது. 'ஃபினிஷ்' என்பதற்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது 'இங்' வடிவில்தான் வர வேண்டும்: 'ஐ ஃபினிஷ்ட் ரைட்டிங்.' இதற்குத் தமிழே கைகொடுக்கும். 'எழுதி முடித்தேன்' என்பது 'ஃபினிஷ்ட் ரைட்டிங்'. 'எழுத முடிந்தது' என்பதோ இயன்றதைக் குறிப்பது; அதற்கு 'வாஸ் ஏபிள் டு ரைட்' என்று சொல்ல வேண்டும். 'எழுதி', 'எழுத' ஆகிய இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

'ஸ்டாப்' என்ற சொல்லையும் உடன் கற்பிக்கலாம். தேர்வு அறையில் கடைசி மணி அடித்ததும் 'ஸ்டாப் ரைட்டிங்' என்கிறோம். எழுதுவதை நிறுத்து என்பதே அதன் பொருள். நிறுத்திய எல்லாரும் முடித்தவர்கள் அல்லர் என்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும்!

'கம்ப்ளீட்' என்பதும் முடிப்பதுதானே என்று கேட்கலாம். பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வரும். ஆனால் வேர்கள் வேறு. 'ஃபினிஷ்' என்பது எல்லை, முடிவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'கம்ப்ளீட்' என்பதன் லத்தீன் வேருக்கு நிரப்புதல் என்று பொருள். அதனால்தான் படிவத்தின் காலி இடங்களை நிரப்பச் சொல்லும்போது 'கம்ப்ளீட் த ஃபார்ம்' என்கிறார்கள். நாமும் 'பூர்த்தி செய்க' என்றுதானே எழுதுகிறோம்? 'கம்ப்ளீட்' என்பதற்குப் பின் பெரும்பாலும் பெயர்ச்சொல்லே வரும்.

இன்னும் சில பயன்பாடுகள் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் 'ஷி ஃபினிஷ்ட் செகண்ட்' என்றால் இரண்டாவதாக வந்தாள். 'ஃபினிஷ் யுவர் மில்க்' என்றால் மிச்சம் வைக்காமல் குடி. மர நாற்காலியின் மேற்பூச்சையும் 'ஃபினிஷ்' என்பார்கள். 'ஃபினிஷ்ட் வித்' என்பது ஒரு பொருளின் தேவை தீர்ந்ததைக் குறிக்கும்: 'ஹாவ் யூ ஃபினிஷ்ட் வித் த சிசர்ஸ்?' கத்தரிக்கோல் வேலை முடிந்ததா, நான் எடுத்துக்கொள்ளலாமா என்பது கருத்து.

வகுப்பில் ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்று செய்யலாம். படித்து, வரைந்து, சாப்பிட்டு, கழுவி என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் 'முடித்தேன்' சேர்த்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். விதியை நாம் சொல்லும் முன்பே 'இங்' அவர்கள் வாயில் பழகிவிடும்.

சில நாள்கள் கழித்து, திருத்துவதற்காக நான் வைத்திருந்த நோட்டைக் கேட்டு அந்த மாணவி வந்தாள். "மிஸ், ஹாவ் யூ ஃபினிஷ்ட் வித் மை நோட்புக்?" என்றாள். மாணவர்களின் வாக்கியத்தைத் திருத்தும் முன் அகராதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது இப்போது என் வழக்கமாகிவிட்டது.