தேன்சிட்டும் தலைப்பிரசவமும்

‘ஊரடங்கு’ என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும்தான். ஆனால் சகோதரிகளே, அந்த வார்த்தையோடு கூடவே எனக்கு ஒரு மாதுளை மரமும் ஞாபகத்துக்கு வரும். அதில் தொங்கிய ஒரு சின்னக் கூடும், அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நிறைமாத கர்ப்பிணியான என் மகளும் கூடவே வருவார்கள்.

எங்கள் ஊர் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. என் மூத்த மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2020 மார்ச் முதல் வாரம் மாப்பிள்ளை அவளை ரயிலில் அழைத்து வந்து விட்டுவிட்டுப் போனார். தலைப்பிரசவம் அல்லவா? மார்ச் 29 ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தோம். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கும் சொல்லியாகி விட்டது. அதற்காக மூன்று வருஷம் சீட்டுக் கட்டி அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். ‘என் பெண்ணுக்கு ஏ.ஸி. ரூம்’ என்று தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் இருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க தடை உத்தரவு. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. வளைகாப்பு நின்றது. மாப்பிள்ளை சென்னையில் மாட்டிக் கொண்டார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஜவுளிக் கடை மூடியது, சம்பளமும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், “இப்போதைக்கு வெளியாட்களைப் பார்ப்பதில்லை” என்று பதில் வந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மகளும் தூங்கவில்லை என்பது, அவள் புரண்டு புரண்டு படுத்ததில் தெரிந்தது.

கணக்குக் கேட்டது போதும்!

எங்கள் ஊருக்குக் கடிகாரம் என்றால் டவுன் பஸ்ஸும் பாசஞ்சர் ரயிலும்தான். “ஒன்பது மணி பஸ் போயிடுச்சா?” என்று கேட்டுத்தான் உலை வைப்போம். இரண்டும் நின்று போயின. எப்போதாவது ஒரு கூட்ஸ் வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்கும். ‘நெல்லோ அரிசியோ போகுது’ என்று மாமியார் சொல்வார். உலகம் முழுசாக நின்றுவிடவில்லை என்று அந்தச் சத்தத்தில் ஒரு ஆறுதல்.

மகள் நாள் முழுவதும் செல்போனும் கையுமாக இருந்தாள். சாயங்காலம் டெலிவிஷனில் சுகாதாரத்துறை சொல்லும் கணக்கைக் கேட்டுவிட்டு, சென்னையில் எத்தனை பேர் என்று எழுதி வேறு வைப்பாள். அப்புறம் சோறு இறங்காது. ஒரு நாள் மாமியார் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்து விட்டார்.

“தினம் கணக்குக் கேட்டு நாம என்ன மளிகைக் கடையா வைக்கப் போறோம்? எந்திரிச்சு வாடி கொல்லைப் பக்கம். காத்து வருது.”

“எனக்குப் பயமா இருக்கு அப்பாயி.”

“பயம் இருக்கட்டும். அதையும் கூட்டிக்கிட்டு வா.”

அன்று தொடங்கியதுதான் அந்த நடை. காலையில் கொல்லையிலும், வெயில் தாழ்ந்த பிறகு ஆற்றுக்குள்ளும். கோடையில் குடமுருட்டி வெறும் மணல்தான். பேத்தி நடக்க, பாட்டி பின்னால் மெள்ள வர, நான் தண்ணீர்ச் செம்போடு போவேன். வண்டிச் சத்தம் இல்லாததால் குயிலும் செம்போத்தும் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. இருபத்து நான்கு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். கொல்லைக்கு இத்தனை பறவை வரும் என்று எனக்கே தெரியாது. கொல்லைக்குப் போனால் பாத்திரத்தையும் துணியையும்தானே பார்த்திருக்கிறேன்!

கூட்டைக் கண்டுபிடித்தவள் மகள்தான். கிணற்றடி மாதுளையில் ஒரு தேன்சிட்டு. என் கட்டை விரல் நீளம்கூட இருக்குமோ என்னவோ! நாரும் சருகும் கொண்டு வந்து, ஒட்டடையை வைத்து ஒட்டி ஒட்டி, ஒரு சின்னப் பை மாதிரி தொங்க விட்டது. வாசலுக்கு மேலே தாழ்வாரம் வேறு! கட்டியது பெட்டைதான். பளபளவென்று நிறம் கொண்ட ஆண் சிட்டு சுற்றிச் சுற்றிப் பறந்து கத்திக்கொண்டிருந்தது. “உங்க மாப்பிள்ளை போன்ல செய்யற அதே வேலைதான் அம்மா!” என்று மகள் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஸ்கூட்டரில் வந்த சிஸ்டர்

ஆஸ்பத்திரி கைவிட்ட மறுவாரம், எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டரில் வந்தார். முகக் கவசத்தோடு வாசலிலேயே நின்று, “வெளியூரிலிருந்து வந்த கர்ப்பிணி இந்த வீட்டில்தானே?” என்று கேட்டார். மகளுடைய பதிவு எண்ணை எழுதிக் கொண்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.8. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது.

“கவலைப்பட இன்னும் நாள் இருக்கம்மா. சொன்னதைச் செய்தால் ஏறும்” என்றார் சிஸ்டர். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கர்ப்பமாக இருக்கும் தங்கைகளுக்கு உதவும்.

இரும்புச் சத்து மாத்திரையை, எத்தனை சொல்கிறார்களோ அத்தனை, ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டும். காப்பி, டீயோடு போட்டால் சத்து சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடக்கூடாது. ஒன்று காலை என்றால் ஒன்று இரவு. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், கீரை, பழம். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக் கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். அதற்காக ‘கீரைதான் சாப்பிடுகிறோமே’ என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம், ரத்தக் கசிவு, நீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

அப்புறம் எங்கள் வீட்டுச் சமையலே மாறியது. ஒரு நாள் முருங்கைக் கீரை, ஒரு நாள் அரைக் கீரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உளுந்து அறுவடை நடந்த சமயம். சொந்தக்காரர் ஒருவர் இரண்டு மரக்கால் உளுந்து கொடுத்தார். மாமியார் அதில் களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கொடுத்தார். சாயங்காலம் நுங்கு. வெட்டிக் கொடுத்த பையன், “விற்கத்தான் ஆள் இல்லையே, சாப்பிடுங்க அக்கா” என்று காசு வாங்க மறுத்தான். நான் விடாமல் கொடுத்தேன். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

எல்லாமே இனிப்பாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணங்கள் நின்று போய், வாழை இலைக்கு விலை இல்லாமல் மாட்டுக்குப் போட்டார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் மே மாதம் தவறிப் போனார். வளைகுடா நாட்டிலிருந்த மகன், அப்பாவின் காரியத்தைப் போனில்தான் பார்த்தான். தெருவே வாசலில் நின்று அழுதது. ஒருவர் தோளை ஒருவர் தொட முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ரேஷன் கடையில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் ஏப்ரலுக்குக் கைகொடுத்தன. மே மாதத்துக்கு, ஏ.ஸி. ரூமுக்காக வைத்திருந்த பணத்தில் நான் கை வைத்தேன்.

ஐந்து பேர் வளைகாப்பு

“வளை போடாமப் பிள்ளை பெத்தா மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கும்” என்று மாமியார் சொல்லிக் கொண்டே இருந்தார். ஒன்பதாம் மாதம், மே முதல் வாரம், ஒரு நல்ல நாளில் வைத்தோம். வீட்டு மனுஷர்களைத் தவிர ஐந்து பெண்கள். வளையல் கடை ஏது? ஒவ்வொருத்தியும் தன் பெட்டியில் புதிதாக வைத்திருந்த கண்ணாடி வளையலைக் கொண்டு வந்தாள். மாமியார் வேப்பிலை ஈர்க்கை வளைத்து முதல் காப்பு போட்டார். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் - எல்லாம் வீட்டில் இருந்ததை வைத்துத்தான். அன்று சாயங்காலம் பின் தெரு பாத்திமா அக்கா, மதில் மேல் ஒரு தூக்கை வைத்தார். ரமலான் மாதம். பள்ளிவாசலில் கூட முடியாமல் அவரவர் வீட்டிலேயே நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். “பிள்ளைத்தாச்சிக்கு ஆசையா இருக்கும், அதான்” என்றார். மகள் தூக்கைக் காலி செய்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்!

அதே வாரம் கூட்டில் குஞ்சு பொரித்தது. ஒரு செம்போத்து மாதுளையைச் சுற்றி வந்தபோது, வயிற்றைப் பிடித்துக் கொண்டு மகள் துடைப்பத்தோடு ஓடினாளே, என் உயிர் போய் வந்தது! மே கடைசியில் ஒரு காலை, இரண்டு குஞ்சுகளும் பறந்து போய்விட்டன. அன்று வந்த சிஸ்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். 10.6!

ஜூன் 5, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு வலி கண்டது. 108 வந்தது. பௌர்ணமி நிலவில் ஒரு வண்டி இல்லாத ரோடு. வழியில் நிறுத்திய போலீஸ்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போங்க” என்று தடுப்பை நகர்த்தினார். நான் வாய்க்கு வாய் குறை சொன்ன அதே அரசு ஆஸ்பத்திரி. கூட ஒருத்திக்குத்தான் அனுமதி. மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுத்தார்கள். டாக்டரம்மா தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பில் இருந்தார். கண் மட்டும் தெரிந்தது. விடிகாலை நான்கு மணிக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். எடை 2 கிலோ 900. நர்ஸம்மா உடனே தாயிடம் சீம்பால் குடிக்க வைத்தார். எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தோடு கொஞ்சம் வெட்கமும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கிண்ணத்தோடு நின்றார். “ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் அத்தை, தண்ணிகூட வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க” என்றேன். சண்டை வரும் என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு ஸ்கூட்டர்ல வெயில்ல வந்து வந்து பார்த்தா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டார்!

அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் வழக்கமான தேதியில் திறந்தார்கள். 16-ம் தேதி கல்லணை. சில நாளில் நாங்கள் நடந்த மணல் மேல் தண்ணீர் நுரைத்துக் கொண்டு வந்தது. குழந்தைக்கு மாப்பிள்ளை வைத்த பெயர் வேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் காவேரிதான். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் முழு ஊரடங்கு. படித்துறைக்குப் போகாமல், முன்னரே பித்தளைக் குடத்தில் எடுத்து வைத்த ஆற்றுத் தண்ணீருக்கே பூ வைத்துக் கும்பிட்டோம்.

ஆகஸ்ட் 17-லிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் இ-பாஸ் என்றார்கள். அடுத்த வாரம் மாப்பிள்ளை மெலிந்து போய் வந்து இறங்கினார். “குழந்தையைத் தூக்க வேணாம் அத்தை. ஏழு நாள் திண்ணையிலயே இருந்துக்கறேன்” என்று அவரே சொன்னார். ஏழு நாளும் மகள் குழந்தையை வைத்துக் கொண்டு நிலைப்படிக்கு உள்ளே, அவர் வெளியே. எட்டாம் நாள், பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, குளித்துவிட்டு வந்து கையை நீட்டினார். தூக்கத் தெரியவில்லை! மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். காலிக் கூடு அப்போதும் அங்கே தொங்கிக் கொண்டிருந்தது. அதை அவருக்குக் காட்டினாள்.

இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வந்தால் முதலில் ஓடுவது மாதுளை மரத்தடிக்குத்தான். என் இரண்டாவது மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. “அவ பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில்?” என்று தெருவில் கேட்டால், அது கிடக்கட்டும், முதலில் அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை என்று பார்க்க வேண்டும் என்கிறேன். சிஸ்டர் வரும் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.