கல்லூரிக்கு வந்த புதுப் பெண்

புது மருமகள் வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். "வலது காலை எடுத்து வைத்து வா, அம்மா" என்கிறோம். பாலும் பழமும் கொடுக்கிறோம். நாத்தனார் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், "இது சமையலறை, இது பூஜை அறை, உன் துணிமணிகளை இந்த அலமாரியில் வைத்துக்கொள்" என்று காட்டிக் கொடுக்கிறாள்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் கல்யாணம் செல்லாமல் போய்விடாது. தாலி கட்டியாயிற்று, காரியம் முடிந்தது. ஆனாலும் விடாமல் செய்கிறோம். 'இது என் வீடு' என்று அவளுக்குத் தோன்ற வேண்டுமே, அதற்காகத்தான்.

கல்லூரிக்கு முதன் முதலாகப் போகிற பெண்ணும் ஒரு விதத்தில் புதுப் பெண்தான். சம்பளம் கட்டியாயிற்று, சான்றிதழ்களைக் கொடுத்தாயிற்று, பெயரும் பதிவாகிவிட்டது. அங்கே அவளுக்கு ஆரத்தி எடுப்பது யார்?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது 2020-ஆம் ஆண்டில். தோன்றச் செய்தது எங்கள் எதிர் வீட்டுப் பெண்.

அரிசி டப்பாவில் சாய்ந்த கல்லூரி

அந்த வீட்டுக்காரர் மோட்டார் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவர் மனைவி தையல் மெஷின் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஒரே அறை, அதில் ஒரு பக்கம் சமையல். வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஸ்மார்ட் போன். மூத்த பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி பி.காம். சேர்ந்தாள். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

'படி ஏறிய' என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவள் எந்தப் படியும் ஏறவில்லை. கொரோனாவினால் அந்த ஆண்டு மார்ச் மாதமே கல்லூரிகளைப் பூட்டிவிட்டார்கள். முதலாண்டு வகுப்புகளை நவம்பர் 1-ந் தேதி தொடங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அட்டவணை வெளியிட்டது. அந்த நவம்பரில் அவளுடைய கல்லூரியும் திறந்தது, உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள்ளே.

"எங்க பொண்ணு இன்னிக்குக் காலேஜ் போறாம்மா, வந்து பாருங்க" என்று அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். போனேன். பெண் தலைக்குக் குளித்து, புதுச் சூடிதார் போட்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். சுவாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கண்ணாடியில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். பெரும்பாலும் கறுப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஆசிரியை அறுபது பெயர்களையும் வாசித்தார். முறை வந்ததும் இவள், "எஸ் மேடம்" என்றாள். உடனே தன் முகத்தை மறைத்து, குரலையும் அடைத்துவிட்டாள். முகத்தைக் காட்டினால் பின்னால் அடுப்பும், பனியனோடு இட்லி சாப்பிடும் அப்பாவும் தெரிவார்களே! அன்று மூன்று மணி நேர வகுப்பில் அவள் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். அத்தனை அலங்காரத்தையும் பார்த்தது அரிசி டப்பா ஒன்றுதான்.

"நான் வராவிட்டால் யாருக்குத் தெரியும்?"

டிசம்பர் பாதியில் அந்த அம்மாள் கண் கலங்க வந்து நின்றார்.

"காலேஜே வேண்டாங்கறாம்மா. ஜவுளிக் கடையிலே வேலைக்குப் போறேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. பாடம் கஷ்டமாடீன்னு கேட்டா, இல்லேங்கறா. நீங்க பேசிப் பாருங்களேன்."

பேசினேன். முதலில் பதிலே இல்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பாடம் புரியுது அக்கா. புரியலேன்னா யாரைக் கேக்கறதுன்னுதான் தெரியலே. அறுபது பேர் இருக்கோம். ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. நாலு நாளா நான் வகுப்புக்கே போகலே. யாருமே கேக்கலே. நான் வந்தா என்ன, வராட்டி என்ன?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம், 2021 ஜனவரியில், தமிழக அரசு சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா வீதம் ஏப்ரல் வரையில் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அது பெரிய உதவி. ஒரே போனை வைத்துக்கொண்டு திண்டாடிய வீடுகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பாடம் தங்கு தடையின்றி வந்து சேருவதற்குத்தான் டேட்டா உதவும். 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஒரு மனுஷி அல்லவா வேண்டும்?

மார்கழியில் ஒரு சனிக்கிழமை

நல்ல வேளையாக அப்படி ஒரு மனுஷி அந்தக் கல்லூரியில் இருந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதைக் கவனித்த ஓர் ஆசிரியை, வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார். ஒவ்வொரு பத்துக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'அக்கா'. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாற்பது நிமிஷம் கூட வேண்டியது. பாடம் பேசக் கூடாது. முகம் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அவரவர் வீட்டிலுள்ள ஒரு பொருளைப் படம் எடுத்து அனுப்பி, அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

எத்தனை கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, பாருங்கள்! ஒற்றை அறை வீட்டுப் பெண்ணுக்கும் அதில் இடம் இருந்தது. மாடி வீட்டுப் பெண்ணுக்கும் இருந்தது.

ஒருத்தி பாட்டியின் பித்தளைக் காபி ஃபில்டரைக் காட்டினாள். ஒருத்தி ஆட்டுக்குட்டியைக் காட்டினாள். எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன காட்டுவதென்றே தெரியவில்லை. அப்போது மார்கழி மாதம். அன்று விடியற்காலையில் தானே போட்ட பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தைப் படம் பிடித்து அனுப்பினாள்.

"அம்மாடி! இதை எங்கே ஆரம்பிச்சே, எங்கே முடிச்சே?" என்று ஒரு குரல் கேட்டது. இவள் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமைக்குள் நான்கு பேர் அதே கோலத்தைப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு கோலங்கள் கோணல்; ஒன்றில் இழை போன வழி திரும்பவில்லை. அதற்காக ஒரு பாட்டம் சிரித்தார்களாம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் இவள் காய்ச்சலென்று படுத்துவிட்டாள். சாயங்காலம் போன் வந்தது: "காலையிலே உன்னைக் காணோமே, உடம்புக்கு என்ன?"

மறுநாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். "நான் வரலேன்னு அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றாள். முகத்தில் காய்ச்சல் இருந்தது. ஜவுளிக் கடை இல்லை.

2021 பிப்ரவரியில் கல்லூரி உண்மையாகவே திறந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. எல்லார் முகத்திலும் முகக்கவசம்! குரல் தெரியும், முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். வாசலில் காவற்காரரிடம் இவள் வழி கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்து தோளைத் தொட்டாள்.

"நீ சிக்குக் கோலம்தானே?"

மார்ச் மாதத்திலேயே கல்லூரிகளை மறுபடியும் மூடிவிட்டார்கள். திரும்பவும் அரிசி டப்பா, திரும்பவும் கறுப்புக் கட்டங்கள். ஆனால் இந்தத் தடவை அந்தக் கட்டங்களுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆட்டமும் பாட்டமும் எதற்கு?"

கல்லூரி திறக்கும் காலத்தில் தாய்மார்கள் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். "பத்து நாளாச்சு, இன்னும் பாடமே ஆரம்பிக்கலே. விளையாட்டாம், பாட்டாம், ஊர் சுற்றிப் பார்க்கிறதாம்! இதற்கா இத்தனை பணம் கட்டினோம்?"

அந்தப் பத்து நாளும் வீண் அல்ல. பொறியியல் கல்லூரிகளில் புது மாணவர்களுக்கு முதலில் மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்திருக்கிறது. உடற்பயிற்சி, கலைகள், நல்வாழ்வு பற்றிய உரையாடல், பெரியோர் சொற்பொழிவு, அக்கம்பக்கத்து இடங்களைப் பார்த்து வருதல் எல்லாம் அதில் அடக்கம். மற்றக் கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. புதிதாக வந்தவர்கள் ஒருவரோடொருவர் பழக வேண்டும், ஆசிரியரோடும் மூத்த மாணவரோடும் ஒட்ட வேண்டும், நிறுவனத்தின் ஒழுங்கை அறிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

வரவேற்பு என்ற பெயரில் ஒரு காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் 'ராகிங்' கொடுமைக்குப் பலியானார். தமிழகமே பதறியது. அடுத்த ஆண்டே, 1997-இல், ராகிங்கைத் தடை செய்து இங்கே சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-இல் நாடு முழுவதற்குமாக மானியக் குழுவின் விதிகளும் வந்தன. மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம் அவற்றில் ஒன்று. சேர்க்கை நாளில் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் சமையலறை காலண்டரில் குறித்து வையுங்கள்.

மூத்தவர்களுக்குப் புதியவர்களிடம் நல்ல வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டால் பொல்லாத வேலைக்கு இடம் குறைந்துபோகும். நான் கண்ட அந்தப் 'பத்துக்கு ஓர் அக்கா' ஏற்பாட்டின் சூட்சுமமும் இதுதான்.

காடுகளின் பெயரில் இல்லங்கள்

வகுப்பே இணைய வழியில் நடக்கிற படிப்புகள் இப்போது நிலைத்துவிட்டன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு அவற்றில் ஒன்று. பாடங்கள் வாரா வாரம் வீடியோவாக வீட்டுக்கே வருகின்றன; பரீட்சைக்கு மட்டும் நேரில் போக வேண்டும். மாணவர்கள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். அவர்களையும் தனித்தனியாக விட்டுவிடவில்லை. காசிரங்கா, கிர், நீலகிரி, பிச்சாவரம் என்று காடுகளின் பெயரில் 'இல்லங்கள்' அமைத்திருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்குக் கிண்டி வளாகத்திலேயே வந்து கூடுகிறார்கள். ஒரே வகுப்பறையில் உட்காராதவர்கள்தான். ஆனாலும் 'நான் பிச்சாவரம், நீ?' என்று கேட்டுக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது!

அம்மாக்களுக்கு நாலு வார்த்தை

உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ கல்லூரிக்குப் புறப்படலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறிமுக நாட்களில் "பாடம்தான் இல்லையே" என்று லீவு போடச் சொல்லாதீர்கள். பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். சிநேகம் முளைக்கிற பருவம் அந்த முதல் வாரங்கள்தான். பெற்றோர் கூட்டம் என்று அழைத்தால் ஒரு வேளைச் சமையலைச் சுருக்கிக்கொண்டாவது போய் வாருங்கள்.

கல்லூரி திறப்பதற்கு முன்பே வாட்ஸப்பில் 'புது மாணவர் குழு' என்று அழைப்பு வரலாம். அது கல்லூரியோ ஆசிரியரோ ஏற்படுத்தியதுதானா என்று விசாரித்துக்கொண்டு சேரச் சொல்லுங்கள். 'சீனியர்' என்று சொல்லிக்கொண்டு படமும் விலாசமும் கேட்கிறவர்களுக்குப் பதிலே வேண்டாம்.

வீட்டிலிருந்தபடி வகுப்பு நடந்தால், அந்த நேரத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். மூலை இல்லாத வீட்டில் சுவரில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாலும் போதும். மிக்ஸி பத்து நிமிஷம் காத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு என்ன பாடம் நடத்தினாங்க?" என்று முதலில் கேட்காதீர்கள். "யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் நிம்மதியாக இருங்கள். இரண்டு வாரமாகியும் பெயரே வரவில்லை என்றால், மார்க் குறைந்ததற்குக் கவலைப்படுவதைவிட அதற்கு அதிகமாகக் கவலைப்படுங்கள். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

எதிர் வீட்டுப் பெண் 2023-இல் பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. இரண்டாம் ஆண்டு வந்ததும் அவளும் பத்துப் பேருக்கு 'அக்கா'வாக இருந்தாளாம்.

"பத்துப் பேருக்கும் முதல் நாள் என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது அக்கா? ஒரு நாள் வராட்டிக்கூட நான் போன் பண்ணுவேன்னு சொன்னேன்" என்றாள்.

ஆரத்தித் தட்டு இல்லை, பாலும் பழமும் இல்லை. ஆனாலும் அந்தப் பத்துப் பெண்களும் வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே வந்திருப்பார்கள்.