இரத்தம் சொல்லும் சேதி

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன; ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே விறைப்புத் தளர்கிறது. 'வயதாகிவிட்டது' என்று நம் இல்லத்தரசிகள் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். பின்னொரு நாள் பரிசோதனைத் தாளில் 'ஈ.எஸ்.ஆர். 60' என்று கண்டதும் குடும்பமே கலங்குகிறது. அந்த எண் கூறுவதென்ன?

கிருமிகளை எதிர்த்து உடலின் காவற்படை போரிடுகையில் எழும் வெப்பமும் வீக்கமுமே அழற்சி. ஒவ்வாமையில் அப்படை தூசியையும் மகரந்தத்தையும் பகையெனக் கருதுகிறது. முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களிலோ சொந்த உடலையே தாக்குகிறது.

அழற்சியின்போது இரத்தத்தில் சில புரதங்கள் பெருகுகின்றன. அதனால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சோதனைக் குழாயில் விரைந்து படிகின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே ஈ.எஸ்.ஆர். இரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றாலும் இது உயரக்கூடும்.

மற்றொன்று சி.ஆர்.பி. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் 1930இல் டில்லெட், பிரான்சிஸ் ஆகியோர் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறிந்தது இது. கல்லீரலில் உருவாகும் இப்புரதம் சில மணி நேரத்திலேயே உயரும். அழற்சி தணிந்தால் விரைவில் குறையும். ஈ.எஸ்.ஆர். இறங்கவோ வாரக்கணக்கில் ஆகலாம்.

லூபஸ் நோயில் ஒரு விந்தை: ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தும் சி.ஆர்.பி. பெரும்பாலும் சற்றே உயர்கிறது. ஆகவே காய்ச்சலுடன் அது மிக உயர்ந்தால், கிருமித்தொற்று உண்டா என்று மருத்துவர் தேடுவார். தொற்றை அறியாமல் ஸ்டீராய்டு மருந்தை அதிகரிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தும்மல், மூக்கொழுகல் போன்ற ஒவ்வாமைகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் உயர்வதில்லை. அங்கே ஈசினோபில் அணுக்களும், 1966இல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த ஐ.ஜி.ஈ. புரதமும் துப்புத் தருகின்றன. ஆயினும் குடற்புழுக்கள் இருந்தாலும் இவை உயரும்!

எனவே இவ்வெண்கள் புகையைப் போன்றவை. எங்கோ நெருப்புண்டு என்று காட்டும். எரிவது எது என்று சொல்லா. சில வேளை நெருப்பிருந்தும் புகை தெரியாது. முடக்குவாதம் உள்ள சிலருக்கு இவ்விரு எண்களும் இயல்பாகவே இருப்பதுண்டு.

ஆகவே அன்புச் சகோதரிகளே, எண் குறைந்துவிட்டதென்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. மருத்துவரிடம் தாளை நீட்டுவதோடு, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் கூறுங்கள். அதையும் சேர்த்துப் பார்த்தே அவர் நோயை அறிகிறார்.