பாலாறும் பசிபிக்கும்

வாலாஜாபாத் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால், பல ஆண்டுகள் கண்ணில் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். அதே ஆற்றில் 2015 நவம்பரில் வெள்ளம் புரண்டோடியது. அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்கு இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல் மழை. மறு ஆண்டே 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

இந்த ஏற்ற இறக்கத்தில் பசிபிக் பெருங்கடலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறுவதுதான் எல் நினோ. 2015இல் அது மிக வலுவாக இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நமக்கோ அதே எல் நினோ வடகிழக்குப் பருவத்துக்குக் கைகொடுத்தது. ஒரே கடலின் சூடு ஓர் இடத்தைக் காயவிட்டு இன்னோர் இடத்தை நனைக்கிறது! 2016இல் பசிபிக் குளிர்ந்தது, நம் மழையும் ஏமாற்றியது. ஆனால் இதை ஜாதகம்போல நம்பிவிடக் கூடாது. 2021இலும் பசிபிக் குளிர்ந்துதான் கிடந்தது. இருந்தும் மழை கொட்டி, பாலாற்று வெள்ளம் வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலத்தைச் சேதப்படுத்தியது.

இந்தப் பழைய ஊசலாட்டத்தின் மேல்தான் புவி வெப்பமாதல் வந்து ஏறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது பேய்மழை. இடைப்பட்ட நாட்களில் மண்ணின் ஈரம் விரைவில் வற்றும்.

பேய்மழை, வறட்சி இரண்டுமே இந்தப் பகுதிப் பட்டு நெசவாளர் வீட்டுக்குள் வந்துவிடும். அடைமழையில் தறிக்குழிக்குள் நீர் ஊறும். கால் வைத்து மிதிக்க முடியாது. தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. காற்று வறண்டாலோ பட்டிழை அறுந்துகொண்டே இருக்கும்.

பெய்யும்போது நீரைத் தேக்கிவைப்பதே இதற்கு வழி. பக்கத்து உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. ஏரியைக் காப்பது ஊர்ச்சபையின் பொறுப்பாகவே இருந்தது. தென்னேரி போன்ற ஏரிகள் இன்றும் மழைநீரைத் தேக்கிவைக்கின்றன. பாலாற்று மணலும் ஓர் ஏரிதான், நிலத்தடி ஏரி. மணலை அள்ளி அடிக்களி தெரியும் இடங்களில் அந்த ஏரி இல்லை. அங்கே வரும் வெள்ளம் சில நாட்களில் வயலூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது.