இரண்டு நொடி முந்தி வந்த சத்தம்

ஆர்க்டிக் கடல் உள்ளுக்குள்ளே சூடாகுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? செயற்கைக்கோள் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அங்கே மேற்பரப்பே பனிதான். கப்பலில் போனாலும், போன இடத்தில் மட்டும்தான் அளக்க முடியும்.

சத்தத்துக்கு இந்தத் தடை இல்லை. குளிர்ந்த கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் போகும். வெப்பநிலை 1 டிகிரி கூடினால் வேகமும் நொடிக்குச் சுமார் 4.5 மீட்டர் கூடும். தூரம் தெரிந்து நேரத்தை அளந்துவிட்டால், வழிநெடுக இருக்கும் நீரின் சராசரி வெப்பநிலை கிடைத்துவிடும். கடலை ஒலியால் இப்படி அளக்கலாம் என்று வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் இருவரும் 1979இல் எழுதினார்கள்.

1994 ஏப்ரலில் ஸ்வால்பார்டுக்கு வடக்கே, பனிமேல் அமைத்த முகாமிலிருந்து 19.6 ஹெர்ட்ஸ் ஒலியைக் கடலுக்குள் அனுப்பினார்கள். சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, போஃபோர்ட் கடலில் இன்னொரு பனி முகாம் அதைக் கேட்டது. ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம். பழைய அளவீடுகளை வைத்துக் கணித்ததைவிட, நடு ஆழத்து நீர் வழியாக வந்த ஒலி சுமார் 2 நொடி முந்தி வந்தது.

வெறும் 2 நொடிதானே? கணக்குப் போட்டுப் பாருங்க. அரைமணி என்பது 1,800 நொடி. அதில் 2 நொடி குறைந்தால், வேகம் நொடிக்கு 1.6 மீட்டர் கூடியிருக்கணும். அதாவது சுமார் 0.35 டிகிரி. ஆய்வாளர்கள் சொன்னதும் 0.2 முதல் 0.4 டிகிரிதான். பிறகு அந்தப் பக்கம் போன நீர்மூழ்கிக் கப்பல்களின் அளவீடுகளும் அதையே காட்டின.

சூடானது அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர். உப்பு அதிகம், அதனால் கனம். குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிர்ந்த அடுக்குதான் மூடி மாதிரி. மூடி பலவீனமானால் கீழே இருக்கும் வெப்பம் பனியின் அடிவயிற்றைத் தொடும். பயம் அதுதான்.

பனியைப் பற்றியும் இதே சத்தம் சொல்லும். ஆர்க்டிக்கில் ஒலிவேகம் மேற்பரப்பில்தான் குறைவு. அதனால் ஒலி திரும்பத் திரும்ப மேலே வளைந்து, பனியின் அடிப்பக்கத்தில் மோதும். கரடுமுரடான தடித்த பனி ஒலியை அதிகமாகச் சிதறடிக்கும். மெல்லிய, வழவழப்பான பனி அவ்வளவு சிதறடிக்காது. ஆக, சத்தம் எப்போ வந்தது என்பது நீரின் சூட்டைச் சொல்லும். எவ்வளவு பலத்தோடு வந்தது என்பது பனியின் நிலையைப் பற்றித் துப்புக் கொடுக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. திமிங்கிலங்கள் பேசிக்கொள்வதும் ஒலியால்தான். எவ்வளவு உரக்க, எத்தனை தடவை என்பதில் கவனம் வேணும்.

காய்ச்சலை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு விட முடியுமா? 2019-20இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடியும் அந்தக் கடலின் குறுக்கே ஒலி அனுப்பினார்கள். 1994இல் கேட்டு வைத்த அந்த அரைமணிக்கு இப்போதான் மதிப்பு கூடுது: ஒப்பிட்டுப் பார்க்க நம்மகிட்ட ஒரு பழைய எண் இருக்கு.