திரும்பி வந்த கதை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)



சென்ற கோடை விடுமுறையில் நான் ஒரு திரைக்கதை எழுதினேன். எங்கள் ஊர் ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் முதிய நீர்க்கட்டி ஒருவரே அதன் கதைத் தலைவர். சென்னையிலுள்ள ஒரு படக் கம்பெனிக்கு அதை அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வந்தது. "பாட்டுக்கும் சண்டைக்கும் இடமில்லை" என்று ஒரே ஒரு வரி உடனிருந்தது. தாள்களை அடுப்பில் இட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது எங்கள் பேராசிரியர் ஒருவர் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' உருவான வரலாற்றைக் கூறினார்.

ரே அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைப் படமாக்க விரும்பிய அவர், முழுத் திரைக்கதை எழுதவில்லை; காட்சிகளைப் படங்களாக வரைந்த நோட்டுப் புத்தகத்தோடு தயாரிப்பாளர்களிடம் சென்றார். பாட்டில்லை, நடனமில்லை, பெயர் பெற்ற நடிகர் இல்லை. எவரும் பணம் போட முன்வரவில்லை.

ரே கதையை மாற்றவில்லை. வீணே காத்திருக்கவும் இல்லை. காகிதத்தில் கண்டு நம்பாதவர்களுக்குத் திரையில் காட்டுவதென முடிவு செய்தார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின்மேல் கடன் வாங்கி, 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். வேலையை விடாமல் விடுமுறை நாட்களில் படமெடுத்தார். முதற்காட்சி நாணற்பூக் காட்டில். மறுவாரம் சென்றபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன! மீண்டும் பூக்கும் பருவம் வரக் காத்திருந்தே அக்காட்சியை முடித்தார்.

மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. பணமின்றிப் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. அதற்குள் சிறுவனின் குரல் உடையாமலும், சிறுமி வளர்ந்துவிடாமலும், பாட்டியாக நடித்த முதியவர் இறந்துவிடாமலும் இருந்தது தம் நற்பேறு என்று ரே பின்னர் கூறினார். இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. 1955-இல் படம் வெளிவந்தது; 1956-இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசைப் பெற்றது.

இவ்வரலாறு எனக்கு உணர்த்தியது ஒன்றே. மூடிய கதவையே ஓயாமல் தட்டுவது மட்டும் விடாமுயற்சி ஆகாது. நம் கதையைப் பிறர் கண்ணால் காணும்படி செய்வதும் அதில் அடங்கும்.

நானும் என் முதற்காட்சியைப் பன்னிரண்டு படங்களாக வரைந்து எங்கள் ஊர் நீர்க்கட்டியிடமே காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "மடைப் பலகையை இப்படி நிமிர்ந்து நின்னு தூக்க முடியாது தம்பி, காலை அகட்டி வச்சுக் குனியணும்" என்றார். அறுபது பக்கம் எழுதியபோது எனக்குத் தெரியாத பிழை அது! கம்பெனி என் கதையை மறுத்தது சரியா, தவறா என்று இப்போது நான் ஆராய்வதில்லை. பதின்மூன்றாம் படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்.